வடிகட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு,

கோடைக்கு முன் துணைமின் நிலையங்களில் நடக்கும் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணெயை வடிகட்டிவிட்டால் பழைய டிரான்ஸ்ஃபார்மரும் புதிதுபோல ஆகிவிடும் என்ற பொருளில் அதில் ஒரு வரி. எண்ணெய்ச் சோதனைக்கூடத்தில் பல வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் காயிலில் மின்காப்பாகச் சுற்றியிருப்பது கிராஃப்ட் காகிதம். எண்ணெயை மாற்றிவிடலாம், காகிதத்தை மாற்ற காயிலையே பிரித்துச் சுற்ற வேண்டும். புதுக் காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலியில் சராசரியாக 1,000 கண்ணிகளாவது இருக்கும். சூடும் ஈரமும் எண்ணெயில் ஊறும் அமிலமும் அதை அறுத்து அறுத்து 200-க்குக் கொண்டுவந்துவிட்டால் காகிதம் அப்பளம்தான். அப்போதும் மின்னழுத்தத்தைத் தாங்கும். ஆனால் வெளியே லைனில் ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆகி காயில் உலுக்கப்பட்டால் பொடிந்துவிடும். சாதாரணக் காகிதம் என்றால், காயிலின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பின் வேகம் இரட்டிக்கும் என்பது சர்வதேசத் தரக்கணக்கு.

நாம் வழக்கமாகச் செய்வதோ பி.டி.வி. (பிரேக்டவுன் வோல்டேஜ்) சோதனை. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எண்ணெய் எத்தனை கிலோவோல்ட் வரை தாங்குகிறது என்று பார்ப்பது. (கூல்டிரிங்ஸ் பாட்டிலில், அதுவும் ஈரம் காயாத பாட்டிலில், வந்த மாதிரிகளை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேன்!) வடிகட்டிய மறுநாள் 60 காட்டும். சில மாதம் போனால் மறுபடி இறங்கியிருக்கும். ஏனென்றால் ஈரம் குடியிருப்பது காகிதத்தில். 1 டன் காகிதத்தில் 3 சதவீதம் ஈரம் என்றால் 30 கிலோ தண்ணீர். 10 டன் எண்ணெயில் பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால் வெறும் 200 கிராம். அந்த 200 கிராமை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறோம். காகிதம் மெல்ல மெல்ல மறுபடி கசியவிடுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2025 மார்ச் 20 இரவு லண்டன் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்து, மறுநாள் ஹீத்ரோ விமான நிலையமே மூடிக் கிடந்தது. புஷ்ஷிங்குக்குள் (மின்கம்பி டேங்க்குக்குள் நுழையும் இடத்தில் உள்ள காப்புக் குழாய்) ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்றது ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை. அந்தப் புஷ்ஷிங்கின் எண்ணெயில் ஈரம் ஏறியிருப்பது 2018 ஜூலையிலேயே சோதனையில் தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தால் புஷ்ஷிங்கை மாற்ற வேண்டும் என்பது நிலையத்தை நடத்துபவர்களே வகுத்த விதி. ஆனால் மாற்றவில்லை. சோதனை செய்தும் இந்தக் கதி!

காகிதத்தின் நிலையை அறிய டேங்க்கைத் திறக்க வேண்டியதில்லை. காகிதம் சிதையும்போது உண்டாகும் ஃபியூரான் என்ற வேதிப்பொருள் எண்ணெயில் கரைந்து நிற்கும். ஒரு பாட்டில் எண்ணெயில் அதை அளந்துவிடலாம். ஆனால் மாதிரியைச் சுத்திகரிப்புக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். அழுக்கை உறிஞ்சும் ஃபுல்லர் மண் வழியாக எண்ணெய் போய் வந்துவிட்டால் தடயமும் போய்விடும். அடுத்த முறை உங்கள் செய்தியாளர் துணைமின் நிலையத்துக்குப் போகும்போது பி.டி.வி.யோடு ஃபியூரான் அளவையும் கேட்கட்டும். போகிற வழியில் பிரீத்தரையும், அதாவது டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குடுவையையும், ஒரு பார்வை பார்க்கட்டும். அதிலுள்ள சிலிக்கா ஜெல் ஈரம் ஏறி, நீலம் போய் ரோஸ் நிறமாகக் கிடந்தால், அதை மாற்றப் பெரும்பாலும் ஷட்டவுன்கூடத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர்,
ஈரோடு