விளையாட்டுப் பிரிவேளையில் கடைசியாக மிஞ்சும் பிள்ளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டணம் செலுத்துவதற்காக என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கும் பள்ளிக்குச் சென்ற மாதம் போயிருந்தபோது, அவனுடைய வகுப்புக்கு விளையாட்டுப் பிரிவேளை நடந்துகொண்டிருந்தது. கபடிக்கு ஆள் பிரிக்கச் சொல்லி இரண்டு மாணவர்களைத் தலைவர்களாக நிறுத்திவிட்டு, உடற்கல்வி ஆசிரியர் பதிவேட்டுடன் மரத்தடிக்குப் போய்விட்டார். தலைவர்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி அழைக்க, கடைசியில் என் மகனும் இன்னொரு பையனும் மட்டும் மிஞ்சினார்கள். "ரெண்டு பேரையும் நீயே வெச்சுக்கடா, எங்களுக்கு ஆள் போதும்" என்றான் ஒரு தலைவன். என் மகன் தலை நிமிராமல், எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பைக் கால் கட்டைவிரலால் கிளறிக்கொண்டே நின்றான். எப்போதும் இப்படித்தானா என்று வீட்டில் கேட்டேன். "சயின்ஸ் லேப்லயும் அப்படித்தாம்மா" என்றான்.

அப்படிச் சொன்ன பையன்மீது எனக்கு வருத்தமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஜெயிக்கத்தான் பார்ப்பான். ஆளெடுக்கும் பொறுப்பை அவன் கையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெரியவர்கள்மீதுதான் வருத்தம். மாவட்டப் போட்டிக்குத் திறமை பார்த்து ஆள் எடுப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாராந்தர விளையாட்டுப் பிரிவேளை வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

நாங்கள் தெருவில் விளையாடிய காலத்தில் உத்தி பிரிப்போம். ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் தோள்மேல் கைபோட்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு வந்து, "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா" என்று தலைவர்களைக் கேட்பார்கள். தலைவன் கேட்பது பழத்தைத்தான் என்பதால், யார் வேண்டும், யார் வேண்டாம் என்ற பேச்சே எழாது. இரண்டு பக்கமும் பலம் சமமாகவும் அமைந்துவிடும். ஒற்றைப்படையாக மிஞ்சும் சிறு பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணி என்போம். அந்தப் பெயர் நல்ல பெயரல்ல என்றாலும், அந்தப் பிள்ளையும் ஆட்டத்துக்குள்தான் இருந்தது.

செய்முறை வகுப்பிலும் குழுப் பணியிலும் "உங்களுக்குள் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவது இன்னும் கவலைக்குரியது, ஏனெனில் அங்கே திறமையை முந்திக்கொண்டு தெருவும் வசதியும் சாதியும் வந்து நிற்கின்றன. நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வகுப்பறையில் மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருக்கைக்குச் சொன்ன அந்த நியாயம் ஆய்வக மேசைக்கும் மைதானத்துக்கும் பொருந்தாதா?

அணிகளை ஆசிரியரே முன்கூட்டி எழுதிவைத்து வாசிப்பதற்கும், தலைவர் பொறுப்பை வரிசை எண்படி வாரந்தோறும் மாற்றித் தருவதற்கும் ஒரு பைசா செலவில்லை. கல்வித் துறை இதை ஒரு சுற்றறிக்கையாக எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் வரும் பெற்றோர் கூட்டத்தில் நான் இதைக் கேட்கவிருக்கிறேன். பிற பள்ளிகளின் பெற்றோரும் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவனின் தாய்,
விருதுநகர் மாவட்டம்