செயலாளரின் ஆண்டறிக்கை: ஆலைத் தாய்மாரும் ஒரு பவுன் சீட்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஐரோப்பிய ஆலை நகரங்களில் தொழிலாளத் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் செல்வர்கள் செய்த உதவிகளை இவ்வாண்டு நம் வாசகர் வட்டம் படிப்பதெனச் சென்ற பொதுக்குழு முடிவெடுத்தது. அக்கூட்டங்களில் பேசப்பட்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதிக் கம்பளி நகரமான ஹடர்ஸ்ஃபீல்டு. 1904இல் அங்கு மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், தம் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது முதல் பிறந்தநாளைக் கண்டால் 1 பவுன் (பிரிட்டிஷ் பணம்) தருவதாக உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். குழந்தை வளர்ப்பு ஆலோசனை சொல்ல வீடுகளுக்கு ஆட்களும் அனுப்பப்பட்டனர். பிறப்பை உடனே தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டத்தை 1906இல் அந்நகரம் பெற்றது. மறு ஆண்டே, விரும்பும் ஊர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய தேசியச் சட்டம் வந்தது.

அக்காலப் பால்புட்டியின் படமொன்றை உறுப்பினர் ஒருவர் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிப் புட்டியிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய், அதன் முனையில் காம்பு. தாய் ஆலைக்குப் போயிருக்கையில் குழந்தை தானே சப்பிக்கொண்டு கிடக்கும். ஆனால் குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லாததால், திரிந்த பால் அதிலேயே தங்கிக் குழந்தைக்குக் கழிச்சலைக் கொண்டுவந்தது. பிரான்சு 1910இல் அதைத் தடை செய்தது.

ஓராண்டு கழித்து வரும் பவுன், பேறுகாலத்தில் கூலி இழந்தவளின் வீட்டில் உலை வைக்க உதவாது என்பது என் கருத்து. 1891ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமும் பிரசவமான நான்கு வாரத்துக்குள் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றதே தவிர, அந்த நான்கு வாரச் சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பிரான்சின் முலூஸ் நகரப் பருத்தியாலை முதலாளி ழான் டோல்ஃபுஸோ, 1860களிலேயே பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஆறு வாரக் கூலியைக் கொடுத்து வீட்டிலிருக்கச் செய்தார். அவர்களின் குழந்தைகளிடையே இறப்பு குறைந்தது. "சீட்டு இல்லையென்றால் ஆலோசனை சொல்ல வந்தவரை எவள் வீட்டுக்குள் விட்டிருப்பாள்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் என்னை மறுத்தார். அதுவும் குறிப்பேட்டில் உள்ளது.

1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்பீட்டுச் சட்டம் 30 ஷில்லிங் (ஒன்றரைப் பவுன்) பேறுகால உதவி வழங்கியது. கணவனின் காப்பீட்டில் வந்த பணம் கணவனுக்கே உரியதாக இருந்தது. பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தார் போராடியபின், 1913இல்தான் அது தாயின் பணமாயிற்று.

வரும் ஆண்டில் 1934ஆம் ஆண்டின் சென்னை மகப்பேறு உதவிச் சட்டத்தைப் படிக்கவும், ஓய்வுபெற்ற ஆலைப் பெண்களை அழைத்துப் பேசச் செய்யவும் செயற்குழு தீர்மானித்துள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்