விளாதிவஸ்தோக்குக்கு அப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை–விளாதிவஸ்தோக் கடல்வழியால் கிழக்கு ரஷ்யா முழுவதும் நமக்குச் சந்தையாகிவிடும் என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். துறைமுகம் வரை சரி. அதற்குப் பிறகுதான் சிக்கல்.

ரஷ்யாவின் வடகிழக்கிலுள்ள யாகூத்தியா குடியரசு கிட்டத்தட்ட இந்தியா அளவு: சுமார் 30.8 லட்சம் சதுர கி.மீ. மக்களோ ஏறக்குறைய 10 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாகூத்ஸ்க் நகரில். இங்கே சராசரி அடர்த்தியை வைத்து எதையும் கணிக்க முடியாது.

தண்டவாளம் லேனா ஆற்றின் வலக்கரையில் நீஷ்னி பெஸ்தியாகில் முடிகிறது. நகரம் இடக்கரையில், நடுவே பாலம் இன்னும் திறக்கவில்லை. கோடையில் வாகனப் படகு, குளிரில் உறைந்த ஆற்றின் மேலேயே சாலை. ஆறு உறையும்போதும் மே மாதத்தில் பனிக்கட்டி உடையும்போதும் சில வாரங்கள் லாரிக்கு வழியே கிடையாது. பனிச்சாலை திறந்தவுடன் கனரக லாரியும் ஏற முடியாது. பனிக்கட்டி தடிக்கத் தடிக்கத்தான் எடை வரம்பைக் கூட்டுவார்கள்.

வடக்கே யானா, இண்டிகிர்கா கரை ஊர்களுக்குச் சரக்கு லேனா வழியாகக் கடலுக்கு இறங்கி, மறுபடி அந்த ஆறுகளில் ஏற வேண்டும். முகத்துவாரம் ஆழம் குறைவு. நீர்மட்டத்துக்காகக் காத்திருந்து செப்டம்பர் கடந்துவிட்டால், மிச்சத்தைக் குளிர்காலச் சாலை திறந்த பிறகு லாரியில்தான் கொண்டுபோக முடியும். அதனால் டீசல், நிலக்கரி, மாவு எல்லாம் ஓராண்டுக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள். முடங்கும் முதலுக்கு வட்டி, கிடங்கு, சேதாரம் எல்லாம் விலையில் ஏறும்.

இரண்டு இடங்களுக்கு இடையே எவ்வளவு வணிகம் நடக்கும் என்று கணிக்க, மக்கள்தொகைகளைப் பெருக்கித் தூரத்தால் வகுக்கும் ஈர்ப்பு மாதிரி இங்கே சறுக்குவது இதனால்தான். கி.மீட்டருக்குப் பதில் மாதவாரியாக டன்னுக்கு ஆகும் செலவைப் போட்டு, வழி மூடிய மாதங்களுக்குக் கையிருப்புச் செலவையும் கூட்டினால் கணக்கு ஓரளவு பொருந்தும்.

சோவியத் அரசு இந்தச் செலவைச் சுமந்தது. அது சரிந்த பின், ரஷ்யாவின் வடகிழக்கு முனையிலுள்ள சுகோத்காவின் மக்கள்தொகை 1989இல் இருந்த சுமார் 1.64 லட்சத்திலிருந்து 2002இல் 54 ஆயிரத்துக்கு இறங்கியது. வளம் இருந்தால் ஆள் தானாக வருவார்கள் என்பவர்கள் இதைப் பார்க்கட்டும்.

ஏற்றுமதியாளர்கள் விலைப்புள்ளி வாங்கும்போதே, சரக்கு நீஷ்னி பெஸ்தியாகில் எந்த வாரம் இறங்கும், ஆற்றுக்கடவு மூடியிருந்தால் கிடங்கு வாடகை யார் தலையில் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
பொருளாதாரப் புவியியல் ஆசிரியர்கள் இருவர், மதுரை