மனநல கிளினிக் தோட்டத்துக்கே வரணும்

மலையக மாவட்டங்கள்ல சுகாதாரத்துக்கு பொறுப்பா இருக்குற டொக்டர்மார், அதிகாரிமார், தோட்ட நிர்வாகத்துல இருக்குற சேர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

ஒக்டோபர் 10 உலக மனநல தினம்னு டவுன்ல ஹோல் எடுத்து செமினார் வைக்கிறீங்க, பேனர் கட்டுறீங்க, வேணாம்னு சொல்லல. ஆனா கொழுந்து எடுக்குற அக்காமாருக்கு அது வேலை நாளா இருந்தா டவுனுக்கு வந்தா அன்னைக்கு பேரு, அதாவது நாள் சம்பளம், போயிரும், பஸ் காசு வேற, அதனால யாருக்கு இந்த பேச்சு போய் சேரணுமோ அவங்க மலையில நிக்கிறாங்க.

நான் கேக்குறது ஒண்ணுதான். மாசத்துக்கு ஒரு தடவையாவது தமிழ் பேசுற மனநல டொக்டரோ கவுன்சிலரோ தோட்டத்துக்கே வரணும், அதுவும் கொழுந்து நிறுத்து முடிஞ்ச பிறகு.

இது புது கோரிக்கையும் இல்ல. 2005ல வந்த தேசிய மனநல கொள்கையே எல்லாத்தையும் அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில குவிச்சு வைக்காம ஊருக்கு கொண்டு போங்கன்னுதான் சொல்லுச்சு. சுனாமிக்கு பிறகு கரையோர மாவட்டங்கள்ல ஊர் ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்புனாங்க. இங்கயும் மருத்துவ மாது இருக்காங்க, வேலைக்கு போறவங்க பிள்ளைங்கள வச்சு பாக்குற பிள்ளைக்காம்பரா அக்கா இருக்காங்க, எந்த வீட்டுல அடுப்பு எரியல, யாரு நாலு நாளா வெளிய வரலன்னு அவங்களுக்கு தெரியும், அவங்களுக்கு பயிற்சி குடுங்க.

இன்னொரு விஷயம் நீங்க கட்டாயம் யோசிக்கணும். லயம்னா வரிசையா ஒட்டி கட்டுன தோட்டத்து வீடுங்க, அங்க ஒரு காம்பராவுல பேசுனா அடுத்த காம்பராவுல கேக்கும். அங்க ஒருத்தி மனசு விட்டு அழக்கூட எடம் இல்ல, புருஷன் குடிச்சிட்டு வந்து அடிச்சாலும் சரி, கடன்காரன் வாசல்ல வந்து நின்னாலும் சரி, அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்கு போயி பாட்டிகிட்ட வளர்ற பிள்ளை ராவெல்லாம் தூங்காம கெடந்தாலும் சரி. அதனால "மனநல கிளினிக்"னு போர்டு மாட்டாதீங்க, போனா பைத்தியம்னு பேரு வச்சிருவாங்க. பிரஷர், சீனி பாக்குற கிளினிக்கோட சேத்து வைங்க, உள்ள ஒரு ரூமு, கதவு சாத்துற மாதிரி. நெஞ்சு அடைக்குது, ஒடம்பெல்லாம் வலின்னுதான் எங்க ஆளுங்க சொல்லுவாங்க, அதுக்கு பெனடோல் குடுத்து அனுப்பிடாம பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு வார்த்தை கேளுங்க. தமிழ்ல கேளுங்க. மொழிபெயர்க்க அட்டெண்டன்ட நடுவுல நிக்க வச்சு ஒரு பொம்பள தன் வீட்டு கதையை எப்பிடி சொல்லுவா?

மாத்திரை விஷயமும் அப்பிடித்தான். ஆஸ்பத்திரியில இருந்து சுகமாகி வந்தவர் மாசாமாசம் டவுனுக்கு போயி கியூவுல நின்னு எடுக்கணும், ரெண்டு மாசம் போவாரு, அப்புறம் சுகம்தானேன்னு நிப்பாட்டிருவாரு, திரும்ப வருத்தம் வந்ததும் சாமி குத்தம், சூனியம்னு பூசை செய்ய வட்டிக்கு கடன் வாங்குவாங்க. அந்த மாத்திரைய தோட்டத்து டிஸ்பென்சரிக்கே அனுப்புனா இதுல பாதி நடக்காதுன்னு நான் நம்புறேன்.

2014ல மீரியபெத்தை மண்சரிவு, 2025 நவம்பர்ல டித்வா புயல். அரிசி பருப்பு வந்துச்சு, பாய் வந்துச்சு, குடுத்தவங்க நல்லா இருக்கணும். ஆனா இப்பவும் மழை விடாம பெஞ்சா பிள்ளைங்கள எழுப்பி மடியில வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்குற அம்மாமாருக்கு யாரு வந்து பேசுனா?

தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. நோயாளியோ கூட போறவங்களோ கிளினிக் போற அன்னைக்கு பேரு வெட்டாதீங்க. 1926ங்கிற மனநல உதவி நம்பர சம்பள துண்டுல அச்சடிச்சு குடுங்க, அந்த லைன்ல ராத்திரியிலயும் தமிழ்ல பேச ஆள் இருக்காங்களான்னு அதிகாரிமார் பாத்துக்கணும்.

ஹோல் கூட்டி கதிரை போட்டு, லயம் லயமா போயி ஆளுங்கள கூட்டிட்டு வர்றத எங்க இளைஞர் சங்கமும் மாதர் சங்கமும் பாத்துக்கும். நீங்க தேதிய சொல்லுங்க.