வெள்ளைத் தண்ணீர் வடியும் என்று ஏன் சொல்லவில்லை?

சுங்கை சிப்புட், பேராக்

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: எலும்புக் குழியை நிரப்பும் கால்சியம் சல்ஃபேட் மணிகள் பற்றி உங்கள் விளக்கத்தாளில் உள்ள குறை

வணக்கம். என் அப்பா இங்கே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். தீபாவளிக்கு முந்தின வாரம் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்முனை நசுங்கிவிட்டது. ஈப்போவில் அறுவை சிகிச்சை. அமுங்கிய எலும்பைத் தூக்கி நிறுத்தினால் அடியில் குழி இருக்கும், அதை நிரப்ப வேண்டும் என்றார் டாக்டர். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கலாம், ஆனால் அங்கேயும் ஒரு வெட்டு, அங்கேயும் வலி. அதனால் உங்கள் மணிகளை வாங்கினோம். 1,800 ரிங்கிட், அம்மாவின் சீட்டுப் பணம்.

மாட்டெலும்பு கலந்ததா என்று அம்மா கேட்டார். முழுக்கச் செயற்கை என்று உங்கள் ஆள் தாளைக் காட்டினார். அது உண்மைதான், அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அதே தாளில் 'எலும்பாக மாறிவிடும்' என்றும் போட்டிருக்கிறீர்கள்.

பத்தாம் நாள் கட்டு நனைந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வடிந்தது. காலையில் மாற்றிய துணி மத்தியானத்துக்குள் ஈரமாகி, காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பட்டது போல வெள்ளையாக நின்றது. சீழ் என்று பயந்து உங்கள் ஆளைக் கூப்பிட்டால், "அது டாக்டர் சமாச்சாரம்" என்று வைத்துவிட்டார். வாடகைக் காரில் மூன்று முறை ஈப்போ போனோம். சோதித்ததில் கிருமி இல்லை. இந்தப் பொருள் கரையும்போது சிலருக்கு இப்படி வடியும், தானாக நிற்கும் என்றார் டாக்டர். நின்றது.

அதைவிடப் பெரிய பயம் ஐந்தாம் வாரம். "அதான் எலும்பா மாறிடுமே" என்று அப்பா காலை ஊன்றி எழுந்துவிட்டார்! நல்லவேளை, தம்பி பிடித்துக்கொண்டான். எட்டாம் வார எக்ஸ்ரேயில் மணிகளைக் காணோம். அப்போதுதான் டாக்டர் விளக்கினார்: இது எலும்பாக மாறாது, பாரம் தாங்காது. புது எலும்பு வளரும்வரை இடம் பிடித்துவைத்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும். ட்ரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892லேயே எலும்புக் குழிகளில் வைத்த பாரிஸ் சாந்தும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இதே கால்சியம் சல்ஃபேட்தானாம். அவ்வளவு பழைய பொருளைப் பற்றி நாலு வரி எழுத உங்களுக்கு என்ன தடை?

'எலும்பாக மாறிவிடும்' என்ற வரியை எடுங்கள். தண்ணீர் வடியலாம், மணிகள் மறையும், டாக்டர் சொல்லும்வரை ஊன்றக்கூடாது என்று மலாயிலும் தமிழிலும் அச்சிடுங்கள். தோட்டத்து ஆட்கள் அந்த மொழிகளில்தான் படிப்பார்கள். மூன்று பயணத்துக்கான 270 ரிங்கிட்டையும் தாருங்கள். 14 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் மருத்துவச் சாதன ஆணையத்துக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கும் எழுதுவேன்.

கார் ரசீதுகள், மணிப் பெட்டியின் ஒட்டுச்சீட்டு நகல், இந்தக் கடிதத்தின் மலாய் மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்