வாடகைக்கு வீடு கேட்டால் இனம் எதற்கு?

தேசிய வளர்ச்சி அமைச்சுக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் (வீவக),

வணக்கம். சிங்கப்பூரில் வாடகைக்கு வீடு தேடும் இந்தியர்களும் மலாய்க்காரர்களும் என்ன பாடுபடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கே அதைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு ஜூன் மாதம், பெரும்பான்மையாக இருப்பதைவிடச் சிறுபான்மையாக இருப்பது கடினம் என்று லாரன்ஸ் வோங் வெளிப்படையாகப் பேசினார். இன்று அவர் பிரதமர். சிக்கல் உண்டா இல்லையா என்ற வழக்கு அன்றே முடிந்துவிட்டது. நான் எழுதுவது தீர்வு கேட்டு.

என் மகனும் மருமகளும் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள். பதிவு செய்தபின் கழகம் கட்டித் தரும் பிடிஓ வீடு கட்டி முடியும்வரை குடியிருக்க ஒரு வாடகை வீடு தேடினார்கள். முகவர்களுக்கு அனுப்புவதற்கென்று மருமகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதி வைத்திருந்தாள். பெயர், வயது, வேலை, குடியுரிமை. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே இரண்டு வரிகள்: "நாங்கள் வீட்டில் அதிகம் சமைப்பதில்லை. மசாலா வாசனை வராமல் பார்த்துக்கொள்வோம்." படித்த பெண், நல்ல வேலை, மாதம் தவறாமல் வாடகை கொடுக்கக்கூடியவள். முன்பின் தெரியாத ஒருவரிடம், குற்றம் செய்வதற்கு முன்பே நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள்.

அந்தச் செய்தியை மகனோடு வேலை செய்யும் சீன நண்பர் பார்த்திருக்கிறார். "சமையலைப் பற்றி எதற்கு எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அவரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். போய்ப் பார்த்தார், பிடித்திருந்தது, கையெழுத்துப் போட்டார். அடுப்பில் என்ன வைப்பாய் என்று அவரை எவரும் கேட்டதில்லை. நல்ல பிள்ளை, யாரிடமிருந்தும் எதையும் அவர் பறித்துக்கொள்ளவில்லை. ஆனால் உழைத்துச் சம்பாதிக்காத ஒரு சலுகை பிறந்த நாளிலிருந்து அவருடன் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எழுதிய அந்த இரண்டு வரியைப் படித்த பிறகுதான் அது அவர் கண்ணுக்கே தெரிந்தது. அவரைப் போன்றவர்கள்தான் இந்த நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் என்பதை நினைக்கும்போது, இது ஏன் இத்தனை காலம் பெரிய பேச்சாகவில்லை என்பது விளங்குகிறது.

அப்படி எழுதியும் பயனில்லை. ஒரு முகவர் "இனம்?" என்று ஒரே சொல்லில் கேட்டார். "இந்தியர்" என்று அனுப்பியதும் நீலக் குறிகள் இரண்டும் விழுந்தன. அதன்பின் பதிலே இல்லை. இன்னொருவர், "மன்னிக்கவும், உரிமையாளர் சீனக் குடும்பமாகப் பார்க்கிறார்" என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்றால் அது தவறு என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. விளம்பரத்தில் எந்த இனத்தையும் ஒதுக்கக் கூடாது என்று முகவர்களுக்கு நெறிமுறை உண்டு. அதனால் விளம்பரங்கள் சுத்தமாகிவிட்டன. ஒதுக்குவது தனிச் செய்திக்குள் போய்விட்டது.

வீடு அவரவர் சொத்து, யாருக்கு விடுவது என்பது அவரவர் விருப்பம் என்பார்கள். தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விடுபவரின் தயக்கத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் புரிந்துகொள்கிறேன். முழு வீட்டையும் விடுவது வேறு. அது வியாபாரம். அதுவும் வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட பொது வீடு. அதை முழுதாக வாடகைக்கு விட, உரிமையாளர் குறைந்தது ஐந்து ஆண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கழகத்தின் அனுமதி பெற வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக் கூடாது. அந்த நிபந்தனைகளோடு இன்னும் ஒன்றைச் சேருங்கள்: இனத்தைக் காரணமாக்கி எவருக்கும் வீட்டை மறுக்கக் கூடாது, மறுத்தால் அனுமதி ரத்து. வீடு தர மறுக்கும் எங்களவர்களும் இருக்கிறார்கள். அந்த நிபந்தனை அவர்களையும் கட்டுப்படுத்தட்டும்.

இனம் போன்றவற்றைக் காரணமாக்கி வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலைக்கு உள்ள நியாயம் வீட்டுக்கு ஏன் இல்லை?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீவக அடுக்குமாடிக் கட்டடம் (புளோக்) ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் இவ்வளவு வீடுதான் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்துவிட்டால், அங்கே உள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைகிறார்கள், விலையும் இறங்குகிறது. என் அக்கா குடும்பம் அந்த நட்டத்தைப் பட்டது. அப்படித் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் என்று 2022இல் அறிவித்தீர்கள், நன்றி. எல்லாரும் கலந்து வாழ வேண்டும் என்பதற்காக 30 ஆண்டுக்கு மேல் இந்தச் சுமையைத் தாங்கியிருக்கிறோம். அதே புளோக்கில் வாடகைக்கு வீடு கேட்டால் இந்தியர் வேண்டாம் என்கிறார்கள். கலந்து வாழ்வது எங்கள் மேல் மட்டும் விழுந்த கடமையா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கடைசியில் ஒரு தமிழர் வீடு கொடுத்தார். தமிழருக்குத் தமிழர்தான் வீடு தர வேண்டும் என்ற நிலை வந்தால் அது உங்கள் கொள்கைக்கும் தோல்விதான்.

வாடகை அனுமதியில் அந்த ஒரு நிபந்தனையைத் தயவுசெய்து சேருங்கள். முகவர்களுக்கான நெறிமுறை, அவர்கள் அனுப்பும் தனிச் செய்திக்கும் பேசும் தொலைபேசிக்கும் பொருந்தும்படி செய்யுங்கள். மறுக்கப்பட்டவர் புகார் கொடுக்க ஓர் இடத்தையும் காட்டுங்கள். வந்த பதில்களை மருமகள் அழிக்காமல் வைத்திருக்கிறாள். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் அன்றே அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
வீவக வீட்டில் வாழும் ஒரு தாய்