டொமைன் பெயரை முதலில் போனில் சொல்லிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு தொழில் நடத்துபவர்கள் சொந்தமாக வெப்சைட் தொடங்குவது பற்றி வணிகப் பக்கங்களில் நிறைய எழுதப்படுகிறது. வடிவமைப்பு, படங்கள், ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி என்று எல்லாம் வருகின்றன. முதலில் வாங்க வேண்டிய டொமைன் பெயர், அதாவது டாட் காம், டாட் இன் என்று முடியும் இணைய முகவரி மட்டும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. வெப்சைட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம். பெயரை மாற்றினால் கடை போர்டு, பில் புத்தகம், அட்டைப்பெட்டி, மெயில் முகவரி அத்தனையும் மாற வேண்டும். கூகுள் தேடலில் பிடித்து வைத்த இடமும் ஆட்டம் காணும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தமிழ்ப் பெயர் வைக்கும் நிறுவனங்களுக்குப் பெரிய இடைஞ்சல் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். ஒரு பேச்சுக்கு ‘தாழம்பூ’ என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்துக்கு டி மட்டும் போடுபவர் உண்டு, டி-எச் போடுபவர் உண்டு. நெடிலுக்குச் சிலர் ஒரு ஏ, சிலர் இரண்டு ஏ. ழகரத்துக்கு இசட்-எச் அல்லது எல். ‘பூ’வுக்குப் பழனிக்கு வரும் பி-யா, பெங்களூருக்கு வரும் பி-யா என்று ஒரு குழப்பம். கடைசியில் இரண்டு ஓ-வா, ஒரு யு-வா? ஐந்து இடங்களில் இரண்டிரண்டு வழி என்றால் மொத்தம் 32 விதமாக எழுதலாம். கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியிருப்பது அதில் ஒன்றே ஒன்று. மற்ற 31-ல் எதை அடித்தாலும் வாடிக்கையாளர் வேறெங்கோ போய் நிற்பார்.

ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் இதே கதைதான். திருப்பூரை ஒற்றை பி போட்டும் எழுதுகிறார்கள், இரட்டை பி போட்டும் எழுதுகிறார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, விமர்சனம் கிளம்பியதும் அதே மாதம் திரும்பப் பெற்றது. பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ இருந்தால் அது தனியாக நான்கு வழி: எஸ்-ஆர்-ஐ, எஸ்-ஆர்-இ-இ, இரண்டிலும் நடுவே எச் சேர்த்தும் எழுதலாம். கடைக்கு ஸ்ரீ இருக்கட்டும், டொமைனில் வேண்டாம்.

எனவே பெயரைப் பதிவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து பேரை போனில் கூப்பிட்டு, பெயரை ஒரு முறை மட்டும் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. வெளிமாநில வியாபாரம் இருந்தால் அதில் இருவர் தமிழ் தெரியாதவராக இருக்கட்டும். இசட்-எச் என்பதை அவர்கள் ‘ஜ’ என்றோ ‘ஸ’ என்றோதான் படிப்பார்கள். நான்கு பேராவது சரியாக அனுப்பினால் பெயர் தேறிவிட்டது. இருவர்தான் சரி என்றால், எவ்வளவு பிடித்த பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தேறுகிற பெயர்களில் பெரும்பாலும் ழ, ள, ற இருக்காது. நெடில் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று அசையில் முடிந்துவிடும். விதிப்படி ஒரு பெயர் 63 எழுத்து வரை போகலாம். ஆனால் 15-ஐத் தாண்டினாலே போனில் அடிக்கும்போது பிழை வரும். இரண்டு சொல்லைச் சேர்க்கும்போது முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்ததன் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால், உதாரணமாக சில்க்ஸ், ஸ்டோர் என்று வந்தால், பலர் ஒரு எஸ்ஸை விழுங்கிவிடுவார்கள். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதியதை வேறு இடத்தில் பிரித்தால் தகாத அர்த்தம் வருகிறதா என்றும் பாருங்கள். நடுவில் சிறுகோடு போட்ட பெயர் விலைக்குக் கிடைக்கும், புழங்காது: “நடுவில ஒரு கோடு” என்றால் பாதிப் பேர் அடிக்கோட்டை அடிப்பார்கள், டொமைன் பெயரில் அடிக்கோட்டுக்கு அனுமதியே இல்லை. எண்களும் வேண்டாம். எண்ணாக அடிப்பதா, எழுத்தாக அடிப்பதா என்று கேட்பவருக்குத் தெரியாது.

ஊரும் சரக்கும் சேர்ந்த பெயர் வைத்தால் கூகுளில் முதலில் வரும் என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடும் சொல்லையே பெயராக வைத்த தரம் குறைந்த தளங்களைக் கூகுள் 2012 செப்டம்பரிலேயே கீழே தள்ளிவிட்டது. அதோடு, ஊர்ப் பெயரையும் சரக்கின் பெயரையும் மட்டும் கொண்ட பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பதும் கடினம். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சொல் தனி ஒருவருக்குச் சொந்தமாகாது. புதிதாக உண்டாக்கிய சொல்லுக்குத்தான் சட்டத்தில் பலம் அதிகம்.

இதற்கு நல்ல உதாரணம் சிஃபி வழக்கு. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் இரு சொற்களிலிருந்து எழுத்துகளை எடுத்து ‘சிஃபி’ என்று உருவாக்கி, 1999-ல் சிஃபிநெட் டாட் காம் உள்ளிட்ட பெயர்களைப் பதிந்தது. வேறொரு நிறுவனம் 2001, 2002 ஆண்டுகளில் எஃப் எழுத்தை மட்டும் இரட்டித்து அதே ஓசையுள்ள பெயர்களைப் பதிந்தது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது. எழுத்து மாறினாலும் ஓசை ஒன்றானால் வழக்கு வரும் என்பதை இன்று பெயர் தேடுபவர்கள் மறக்கக் கூடாது. டொமைன் காலியாக இருக்கிறது என்பதால் அந்தப் பெயரை வைக்கும் உரிமை வந்துவிடாது. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம். எழுத்துப்படி தேடுவதோடு நிறுத்தாமல் ஓசைப்படி தேடும் வசதியிலும் தேடுங்கள். சரக்குக்கு ஏற்ற டிரேட்மார்க் வகுப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும்: ஆயத்த ஆடைக்கு 25, துணிக்கு 24, காபி, மசாலாவுக்கு 30. டீலராக இருப்பவர்கள், விற்கும் பிராண்டின் பெயரைத் தங்கள் டொமைனில் சேர்ப்பதும் ஆபத்து. டீலர்ஷிப் போகும் அன்று பெயரும் போகும்.

டாட் காமா, டாட் இன்னா? ஏற்றுமதி இருந்தால் டாட் காம். உள்நாட்டு வியாபாரத்துக்கு டாட் இன் தாராளமாகப் போதும். முடிந்தால் இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். அதே பெயரின் டாட் காம் அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரிடம் இருந்தால் மட்டும் டாட் இன்னை வாங்காதீர்கள். மக்கள் பழக்கத்தில் டாட் காம் என்றே அடிப்பார்கள். உங்களுக்கு வர வேண்டிய விலைப்பட்டியல் கோரிக்கையும் பர்ச்சேஸ் ஆர்டரும் போட்டியாளரின் மெயிலுக்குப் போய்ச் சேரும். டாட் கோ என்பது கொலம்பியா நாட்டுக்குரியது. போனில் சொன்னால் டாட் காம் என்றே காதில் விழும். 99 ரூபாய்க்குக் கிடைக்கும் புதுவகைப் பின்னொட்டுகள் அடுத்த ஆண்டு பல மடங்கு கேட்கும். டாட் காமுக்கே, பெயரை நமக்குப் பதிந்து விற்கும் பதிவு நிறுவனங்கள் கட்டும் மொத்த வியாபார விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. முதல் ஆண்டு அதற்கும் கீழே விற்பவர் அதைப் புதுப்பிக்கும்போது எடுத்துக்கொள்வார். வாங்கும் முன் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள்.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்று முடியும் பெயர் வாங்கலாம். எழுத்துக்கூட்டல் தகராறே இல்லாத வழி அதுதான். அதை ஆர்வத்தோடு வரவேற்கிறோம். ஆனால் இன்றைய நிலையில் அதை மட்டும் நம்ப முடியாது. நகலெடுத்து ஒட்டினால் சில இடங்களில் எக்ஸ்-என் என்று தொடங்கும் புரியாத எழுத்துச் சரமாக மாறுகிறது, பல படிவங்கள் தமிழ் மெயில் முகவரியை ஏற்பதில்லை. துணைப் பெயராக வாங்கி, ஆங்கில எழுத்துத் தளத்துக்குத் திருப்பிவிடலாம்.

பெயர் முன்பு யாரிடமாவது இருந்து கைவிடப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பெயரைக் கொடுத்தால் பழைய பக்கங்கள் தெரியும். சூதாட்டமோ போலி மருந்தோ ஓடிய பெயராக இருந்தால், நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழக்கூடும்.

இனி எழுதப்போவதுதான் அதிகம் பேரை அழ வைப்பது. வெப்சைட் செய்து தருபவர் “நானே டொமைனும் எடுத்துடறேன்” என்பார். எடுக்கட்டும், ஆனால் பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். பதிவு நிறுவனத்தில் தொடங்கும் கணக்கின் மெயிலும் செல்போன் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அவர் பெயரில் பதிந்தால், சட்டப்படி முதலில் கேள்விக்கு வருவது உங்கள் உரிமைதான். டாட் காம் தகராறுக்கு வைப்போ என்கிற உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால், தனி நடுவர் விசாரிக்கவே 1,500 டாலர் கட்டணம், வழக்கறிஞர் செலவு தனி.

கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மெயிலும் செத்துவிடும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதத்தை யார் பார்ப்பது? டாட் காம் பதிந்ததும் மெயிலைச் சரிபார்க்க ஒரு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் தளம் நிறுத்தப்படும். புதிதாகத் தொடங்கிய தளம் இரண்டு வாரத்தில் காணாமல் போவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம், மூன்று ஆண்டாவது போட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். டாட் காம் காலாவதியான பின் 45 நாள் வரை பதிவு நிறுவனம் புதுப்பிக்க இடம் தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதற்குள்ளேயே ஏலத்துக்கு விடும் நிறுவனங்கள் உண்டு. பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குப் பெரிய அபராதம். பிறகு 5 நாள் கழித்து பெயர் பொதுவில் வந்துவிடும்.

“உங்கள் பெயரை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பதியப் பார்க்கிறது, உடனே பணம் கட்டுங்கள்” என்று வரும் மெயில்களைக் குப்பையில் போடுங்கள். புதுப்பிப்புப் பணத்தைப் பதிவு நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து மட்டும் கட்டுங்கள்.

மாவட்டத் தொழில் மையங்களும், தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் நடத்தும் பயிற்சிகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பயிற்சிக்கு வருபவர்கள் வகுப்பிலேயே தங்கள் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதச் செய்து, டிரேட்மார்க் தேடலையும் முடித்து, தங்கள் பெயரிலேயே பதிந்துவிட்டுக் கிளம்பலாம்.

இப்படிக்கு,
இணையதளப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஈரோடு.